சாம்பிராணிப் புகை போன வழி

நான்காம் மாடியில் நாற்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். இறங்குவதற்கு ஒரே படிக்கட்டு. அங்கே பழைய கோப்புகள் கிடந்த அறையைக் கழிப்பறையாக மாற்றச் சொல்லி மேலாளர் தில்லைநாயகம் உத்தரவு போட்டார். பிளம்பர் இருளப்பன் தரையைத் துளைத்துக் குழாய்களைக் கீழே இறக்கினார். குழாயைச் சுற்றிக் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது.

"தீ தாங்குற பூச்சு வாங்கிக் கொடுங்க ஐயா, அடைச்சிடறேன். கீழ தீப்பிடிச்சா இது வழியாத்தான் மேல ஏறும்."

"கக்கூஸ்ல தண்ணிதான்யா இருக்கும், தீயா இருக்கும்? நாளைக்குப் பூஜை போட்டு முதலாளி திறக்க வர்றார். அடைச்சாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா இந்தக் கட்டடத்துப் பக்கமே வராதே!"

இருளப்பன் எழுதினார். "கையெழுத்தை மட்டும் பூஜை முடிஞ்சதும் போடறேன் ஐயா."

மறுநாள் முதலாளி முன்னால் தில்லைநாயகம் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. "தீ! தீ!" என்று அலறியவர், முதலாளியையே இடித்துத் தள்ளிவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினார்.

எதிரே, மூன்றாம் மாடியிலிருந்து இருளப்பன் சாம்பிராணிக் கரண்டியோடு ஏறி வந்தார்.

"தீ இல்லீங்க. கீழ் மாடியில பூஜைக்குச் சாம்பிராணி போட்டேன். ஒரே ஒரு கரண்டி."

முதலாளி அந்த நாற்பது பேரையும் பார்த்தார். பிறகு அந்த ஒரே படிக்கட்டைப் பார்த்தார்.

"அடைச்சாச்சுன்னு இவன்தான் எழுதினான்!" என்று தில்லைநாயகம் கத்தினார்.

இருளப்பன் கையெழுத்தில்லாத தாளை எடுத்து நீட்டினார்.

"நீங்க சொன்னபடியே எழுதி, புகைகிட்டயும் காட்டினேன் ஐயா. அதுக்குப் படிக்கத் தெரியலை."