கீழ்ப் பொத்தான்

"கண்ணிருந்தும் குருடுங்க தாயே, இந்த ஊர்ச் சனங்க!"

சொல்லிக்கொண்டேதான் குடிசைக்குள் நுழைந்தார் அடைக்கலசாமி.

குரு நாச்சியம்மை கஞ்சிப் பானையின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். குருவைவிடச் சீடருக்கு எட்டு வயது அதிகம். கோபமும் அந்த அளவுக்கு அதிகம்.

சங்குமேட்டைக் கடல் தின்றுகொண்டிருந்தது. ஊரிலேயே இருப்பதா, காலி செய்வதா என்று ஊர்ச்சபை ஓட்டு மெஷின் வைத்துக் கேட்டது. மெஷினில் ஒட்டிய சீட்டை எழுதியவர் அடைக்கலசாமி. எழுத்தென்றால் அவருக்கு உயிர். முத்து முத்தாக, பெரிது பெரிதாக எழுதியிருந்தார்.

இருபத்தாறு ஓட்டு வித்தியாசத்தில் 'காலி செய்வோம்' ஜெயித்துவிட்டது. நாளைக்கு லாரி வருகிறது.

"ஊருக்குள்ள ஒரு நாப்பது பேர் அழுவுறாங்க. இருக்கணும்னுதான் அமுக்கினோம், மாறிப்போச்சுன்னு. முடிஞ்சது முடிஞ்சதுன்னு சபை கைய விரிச்சிருச்சு. எல்லாரும் என்னைத் திட்டுறாங்க. என் எழுத்துல ஒரு புள்ளி தப்பிருக்கா, நீங்களே சொல்லுங்க!"

"சீட்டு இருக்கா?"

பையிலிருந்து எடுத்துப் பாயில் விரித்தார். நாச்சியம்மை அதன் வலது ஓரத்தில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு புளியங்கொட்டைகளை வைத்தார்.

"மெஷின்ல பொத்தான் இப்படித்தானே இருந்துச்சு?"

"ஆமா. மேல இருக்கிறது 'இருப்போம்'. கீழ இருக்கிறது 'காலி செய்வோம்'."

"இப்ப 'இருப்போம்'ங்கிற வார்த்தை மேல விரலை வைங்க, எழுத்துக்காரரே."

'அலை எத்தனை ஏறினாலும் சங்குமேட்டிலேயே' என்பதோடு முதல் வரி நிரம்பியிருந்தது. அழகுக்காகப் பெரிதாக்கிய எழுத்து. 'காலி செய்வோம்' மூன்றாம் வரிக்குத் தள்ளப்பட்டு, 'இருப்போம்' இரண்டாம் வரிக்கு இறங்கியிருந்தது.

அதன்மேல் விரலை வைத்தார்.

"அப்படியே நேரா வலப்பக்கம் இழுத்துட்டு வாங்க."

விரல் நகர்ந்தது. கீழே இருந்த புளியங்கொட்டையில் முட்டி நின்றது.

அடைக்கலசாமி அந்தக் கொட்டையையே பார்த்தார். விரலை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

வெளியே யாரோ கூரையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஆனாலும் தாயே," என்றார் மெதுவாக. "ஒரு தடவை நிதானமாப் படிச்சிருந்தா புரிஞ்சிருக்குமே. நாப்பது பேர்ல ஒருத்தருக்குமா நிதானம் இல்லை?"

நாச்சியம்மை பானையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"முப்பத்தொம்பது பேரைப் பத்தி எனக்குத் தெரியாது. என் மகளைப் புதைச்ச மண்ணு இது. எனக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு."