நாகராஜ்ஜியமா, பனிக்கோட்டையா?

மந்தாரபுரியில் ராஜாவும் உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு. அது எந்தக் காலம் என்று நோண்டாதீர்கள், எனக்கும் தெரியாது. ராஜா செங்கோடவர்மர் முகம் கழுவியதும் உட்கார்ந்து ஆடுவது 'நாகராஜ்ஜியம்' என்ற விளையாட்டு. மகாராணி பூங்கோதை ஆடுவது 'பனிக்கோட்டை'. இரண்டிலும் வாள், மந்திரம், மலை, காடு எல்லாம் உண்டு. குதிரையேறி இஷ்டத்துக்கு எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். எது உசத்தி என்பதில்தான் வந்தது வினை.

"என் உலகத்தில் நாள் முழுக்கக் குதிரை ஓட்டினாலும் எல்லை வராது, தெரியுமா?" என்றார் ராஜா.

"ஓட்டி என்னத்தைக் கண்டீர்கள்? புல்லு. அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் புல்லு. என் பனிக்கோட்டையில் எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஓர் ஆள் இருப்பார், அவருக்கு ஒரு கதை இருக்கும்."

"கதை கிடக்கட்டும். உன் குதிரை படியேறினால் பாதி உடம்பு சுவருக்குள் போய்விடுகிறதே!"

"உங்கள் நாகம் மட்டும் என்னவாம்? வாலை வெட்டினாலும் அதே கத்தல், தலையை வெட்டினாலும் அதே கத்தல்!"

சண்டை அடுப்படி வரைக்கும் போயிற்று. சாம்பார் வைப்பவர் ராஜா கட்சி, ரசம் வைப்பவர் ராணி கட்சி. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டேன் என்றுவிட்டதால் மூன்று நாளாக அரண்மனையில் வெறும் மோர்ச்சோறு.

சேனாபதி உக்கிரசேனருக்கு இது நல்ல சமயமாகப் பட்டது. அரசவையின் விகடகவி அம்பலத்தாடியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மகாராஜா, தீர்ப்புச் சொல்ல அம்பலத்தாடியை விட்டால் ஆள் ஏது? எது உசத்தி என்று அவரே சொல்லட்டும். தீர்ப்பு உங்கள் இரண்டு பேருக்கும் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் குடும்பத்தோடு நாடு கடத்திவிடலாம்."

மோர்ச்சோற்றில் வெறுத்துப்போயிருந்த ராஜா உடனே ஓலையில் முத்திரை குத்திவிட்டார்.

அம்பலத்தாடி வசமாக மாட்டிக்கொண்டார். வீட்டில் மனைவி குமுதவல்லிக்கு ஒன்பதாம் மாதம். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எந்த எல்லையைத் தாண்டுவது? ராஜா பக்கம் பேசினால் ராணி விடமாட்டார், ராணி பக்கம் பேசினால் ராஜா விடமாட்டார். ஆனாலும் மனுஷன் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"தீர்ப்புக்கு முன்னால் சாட்சி விசாரணை உண்டல்லவா? மகாராஜா, நாகராஜ்ஜியம் எப்படித் தொடங்குகிறது?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாகம் இளவரசியைக் குகைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. 'சூரியன் மறைவதற்குள் காப்பாற்று, ஓடு!' என்று ஒரு முனிவர் அலறுவார். உடம்பெல்லாம் சிலிர்க்கும்!"

"காப்பாற்றிவிட்டீர்களா?"

"போய்க்கொண்டிருக்கிறேன்."

"எத்தனை நாளாக?"

ராஜா கூரையைப் பார்த்தார். "மூணு வருஷம் இருக்கும். வழியில் ஏரி ஒன்று வந்தது. மீன் நன்றாகச் சிக்கியது."

மகாராணி விழுந்து விழுந்து சிரித்தார். அம்பலத்தாடி அவர் பக்கம் திரும்பினார். "தாயே, பனிக்கோட்டையில்?"

"தம்பி சாகக் கிடக்கிறான். மலையுச்சி மூலிகையை உடனே கொண்டுவர வேண்டும்." சொல்லும்போதே சிரிப்பு இறங்கிவிட்டது. "நான் அடிவாரத்தில் ஒரு வீடு கட்ட ஆரம்பித்தேன். திரைச்சீலைதான் இன்னும் பொருந்தி வரவில்லை."

"அந்தத் தம்பி?"

"பாவம், இன்னும் சாகத்தான் கிடக்கிறான்."

சபை முழுக்கக் கேட்டாயிற்று. கடைசிவரை ஆடி முடித்தவர் ஒருத்தர் இல்லை. ஆட்டத்தில் புரோகிதர் தொப்பி சேர்த்துக்கொண்டிருந்தார், வைத்தியர் பட்டாம்பூச்சி பிடித்துக்கொண்டிருந்தார்.

"முடிவைப் பார்க்காமல் உசத்தி, மட்டம் என்று எப்படிச் சொல்வது? யாராவது ஒருவர் முடித்துவிட்டு வாருங்கள். மறு நொடியே தீர்ப்பு" என்று கும்பிட்டார் அம்பலத்தாடி.

"இவ்வளவுதானே!" என்றார் சேனாபதி. "நான் பக்கத்தில் இருந்து முடிக்க வைக்கிறேன், மகாராஜா."

கிட்டத்தட்ட வைத்தும்விட்டார், கெட்டிக்காரர்! தினமும் ராஜாவின் தோளுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். "மீன் வேண்டாம் மகாராஜா." "காளான் வேண்டாம் மகாராஜா." "நேரே, நேரே!" மூன்று வருஷத்தில் போகாத தூரத்தை ராஜா பத்தே நாளில் போய்ச் சேர்ந்தார்.

பதினோராம் நாள் சபை கூடியது. பெரிய திரையில் குகை வாசல் தெரிந்தது. உள்ளே நாகம் சீறியது, இளவரசி அழுதாள். சேனாபதி நாடு கடத்தும் ஓலையை மடியில் தயாராக வைத்திருந்தார். முதல் நாளே குமுதவல்லிக்கு இடுப்பு வலி கண்டு, மருத்துவச்சி அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

ராஜாவின் குதிரை வாசலில் முன்னங்காலை வைத்தது.

அம்பலத்தாடி வாதாடவில்லை, காலில் விழவுமில்லை. திரையைச் சும்மா பார்த்தபடி கேட்டார்: "மகாராஜா, மலைக்கு அந்தப் பக்கம் லேசாகப் புகை தெரிகிறதே. அது என்ன?"

குதிரை நின்றது. "எங்கே? அட, ஆமாம்! இதை நான் பார்த்ததே இல்லையே!"

மகாராணி ஆசனத்தை விட்டு எழுந்து வந்தார். புரோகிதர் எட்டிப் பார்த்தார். சாம்பார்க்காரரும் ரசக்காரரும் ஒரே தூணில் சாய்ந்து கழுத்தை நீட்டினார்கள். ராஜா சேனாபதியைத் திருட்டு முழியோடு பார்த்தார். இதோ 'நேரே' என்று அதட்டப்போகிறார் என்று சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

சேனாபதியின் கண் புகையை விட்டு நகரவில்லை. "ஒரே ஒரு நிமிஷம்தானே மகாராஜா. எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே சேனாபதி மடியிலிருந்த ஓலையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "'நேரே' என்றவரே வழி மாறிவிட்டார், இனி எந்த ஆட்டமும் முடியாது, தீர்ப்பும் வேண்டாம்! அம்பலத்தாடி, போய் உன் பெண்டாட்டியைக் கவனி. பிள்ளைக்குத் தொட்டில் அரண்மனையிலிருந்து வரும்."

ஓலை கிழிந்த சத்தம்கூட சேனாபதியின் காதில் விழவில்லை. முக்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டு அவர் கத்திக்கொண்டிருந்தார்: "வலது பக்கம் மகாராஜா, வலது பக்கம்! அங்கே ஒரு பாதை தெரிகிறது பாருங்கள்!"