ஆறிப்போன காப்பி

திருச்சி தில்லைநகரில் விஸ்வம்பரன் என்றொருவர் பழைய ஸ்பீக்கர்கள் விற்றுவந்தார். புத்தக அலமாரியில் அடங்கிவிடும் சின்னப் பெட்டிகள்தான், ஆனால் எல்லாம் சீமைச் சரக்கு. காது உள்ளவர்களுக்குத்தான் விற்பேன் என்று ஜம்பம் வேறு.

ஒருநாள் ஆட்டோ ஓட்டும் ஜெசிந்தா விளம்பரத்தைப் பார்த்து வந்தாள். அவளுடைய காக்கிச் சட்டையைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"திரைக்குப் பின்னால ரெண்டு ஜோடி இருக்கும்மா. ஒண்ணு உசத்தி, ஒண்ணு மட்டம். உசத்தி எதுன்னு சொல்லிட்டா நீ கேக்கிற விலைக்கே எடுத்துக்கோ. தப்பாச் சொன்னா இந்தப் பக்கமே வரக்கூடாது."

முதல் ஜோடியில் வீணை ஒலித்தது. விஸ்வம்பரன் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "என்ன ஆழம், என்ன துல்லியம், கேட்டியா" என்று அளந்துகொண்டே இருந்தார்.

இரண்டாவது ஜோடியிலும் அதே வீணைதான். ஆனால் அறைக்குள் மழை இருட்டு மெல்லக் கவிந்தது. தொலைவில் காவிரி தூக்கத்தில் புரண்டு படுத்தது போலிருந்தது. வீணை நின்ற பிறகும் யாரும் அசையவில்லை.

"ரெண்டாவதுதான் சார்," என்றாள் ஜெசிந்தா.

அவர் முகம் சுண்டிப்போனது. "எப்படிக் கண்டுபிடிச்சே?"

"முதல் ஜோடி பாடும்போது நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க. ரெண்டாவது பாடும்போது காப்பி ஆறினதுகூட உங்களுக்குத் தெரியலை."

விஸ்வம்பரன் டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரே எழுந்துபோய்த் திரையை விலக்கினார்.