செண்பகவல்லிக்கு யார் ரத்தம்?

கோவில்பட்டி செண்பகவல்லிக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. ஈராண்டுக்கு முன் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது இருவரின் எலும்பு மஜ்ஜையும் பொருந்தியது. அண்ணன் சண்முகையா அந்த மாதம் மஞ்சள் காமாலையில் படுத்திருந்ததால் தம்பி பூல்பாண்டி தந்தான். அவள் பிழைத்தாள். பிறவியில் பி பாசிட்டிவ் ஆன அவள் ரத்தம், ஆறு மாதம் கழித்து வந்த அறிக்கையில் ஓ பாசிட்டிவ் என்று இருந்தது. அது தம்பியின் வகை. இனி அவன் முன்கோபமும் வந்துவிடும் என்று வீட்டில் சிரித்தார்கள்.

கோபம் அவனுக்குத்தான் வந்தது. செண்பகவல்லி மகளின் காதுகுத்தில், தாய்மாமன் மடி மூத்தவருக்கே என்று பிள்ளையைச் சண்முகையா மடியில் உட்காரவைத்தார்கள். முறையும் அதுதான். பூல்பாண்டி பந்தியில் உட்காராமல், தன் ஒர்க்‌ஷாப் இருக்கும் எட்டயபுரத்துக்கு பைக்கைக் கிளப்பினான். அதன் பின் பேச்சு இல்லை.

இந்தச் சித்திரையில் நோய் திரும்பியது. தருபவரின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை மட்டும் பிரித்து ஏற்றினால் அவை நோயணுக்களைத் தாக்கலாம், அவள் உடலையும் சேர்த்துத் தாக்கலாம், வியாழனுக்குள் ஆள் வர வேண்டும் என்றார் மதுரை மருத்துவர்.

தம்பியிடம் போகக் கூடாது என்று கணவர் முத்தரசுவிடம் தன் தலையில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள் செண்பகவல்லி. தேவைக்கு மட்டும் தேடி வருகிறாள் என்ற பேச்சு அவளுக்கு வேண்டாம். சண்முகையா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"நானும் பொருந்தினவன்தானே. என் கை இருக்கும்போது அவன் வாசல்ல போய் நிக்கணுமா?"

எல்லோருக்கும் நிம்மதி. முத்தரசு மட்டும் பழைய ஆஸ்பத்திரி ஃபைலைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் எட்டயபுரம் பஸ் ஏறினார்.

ஒர்க்‌ஷாப்பில் பூல்பாண்டி கழற்றிக்கொண்டிருந்த என்ஜினிலிருந்து தலை நிமிரவில்லை.

"மடி அண்ணனோடது. ரத்தம் மட்டும் என்னோடதா மச்சான்?"

"ஆமா மாப்ள. அதச் சொல்லத்தான் வந்தேன்."

தம்பியை அழைக்க வேண்டாம் என்ற அக்காள், தானே தர முன்வந்த அண்ணன், சத்தியத்தை மீறிய கணவர். இவர்களில் யார் செய்தது அவள் உயிருக்குச் சரி?

விடை: கணவர் செய்தது. இப்போது அவள் உடலில் ரத்தம் ஊறுவது தம்பியின் மஜ்ஜையிலிருந்து. காவல் இருப்பவையும் அவன் அணுக்களே. அண்ணனின் அணுக்களை அவை அந்நியம் என்று விரட்டிவிடலாம், தம்பியினுடையதைத் தம் ஆள் என்று விட்டுவிடும். மருத்துவரும் இதையே சொல்லிச் சண்முகையாவைத் திருப்பி அனுப்பினார். வியாழன் காலை பூல்பாண்டி வந்து, மூன்று மணி நேரம் அணுக்களைப் பிரிக்கும் இயந்திரத்தோடு படுத்திருந்துவிட்டுப் போனான். செண்பகவல்லி கணவரிடம் பேசுவதில்லை. தினமும் விடிந்ததும் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். தோல் லேசாகச் சிவந்தால் அணுக்கள் வேலை செய்கின்றன என்று கொள்ளலாமாம். அதிகம் சிவந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமாம். இன்றுவரை சிவக்கவில்லை.