கீச்சான் கழுவாத மை

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் வழக்கு இருந்தது, வழக்கு இருந்ததால் தண்டனையும் இருந்தது. கரிசல் காட்டுக்கு ராசா ராசாளி. தினமும் தன் நகத்தாலேயே எலியைக் கிழித்துத் தின்கிறவர்தான். ஆனால் மரண தண்டனை என்று வந்தால் மட்டும், "ராசா கையில் பாவம் ஒட்டக் கூடாது" என்று ஒதுங்கிக்கொள்வார். பாவம் ஒட்ட வேறொரு கை வேண்டுமே! அலகு நுனி கொக்கியாக வளைந்திருந்த ஒரே குற்றத்துக்காக அந்த வேலை கீச்சான் குருவியின் தலையில் விழுந்தது. அவன் அப்பனுக்கும் அலகு வளைந்திருந்தது. அப்பனுக்கும் அதே வேலைதான்.

ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் நின்ற உடைமரம்தான் கழுமரம். தண்டனை பெற்றவரை அதன் முள்ளில் ஏற்ற வேண்டும். உடல் அங்கேயே தொங்கிக் காய வேண்டும். போகுமுன் கீச்சான் கண்ணைச் சுற்றிக் கரி மை பூசிக்கொள்வான், செத்தவரின் ஆவி அவனை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதாம். வேலை முடிந்ததும் ஊருணியில் முழுகி மையைக் கழுவலாம். வேலை முடியாமல் கழுவக் கூடாது, அதுதான் முறை. மற்றவர்கள் யாரும் கழுமரத்தை அண்ட மாட்டார்கள், தீட்டு.

கீச்சான் தண்ணீர் குடித்த கரையில் வேறு குருவி குடிக்காது. குஞ்சுகள் அழுதால், "அந்தா, கீச்சான் வாரான்" என்று மிரட்டி வாயை அடைப்பார்கள். கொல்லச் சொன்னதும் அந்த ஊர்தான், கொலைகாரன் என்று பேர் வைத்ததும் அதே ஊர்தான். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

ஒருநாள் தையல்சிட்டுக்குத் தண்டனை விழுந்தது. ராசாவின் கூட்டடியில் உதிர்ந்து கிடந்த பஞ்சு இறகு ஒன்றை எடுத்துத் தன் குஞ்சுகளுக்கு மெத்தை போட்டுவிட்டாள். இறகு உதிர்ந்ததே ராசாவுக்குத் தெரியாது. காவல்காரக் காக்கைதான் கோள் மூட்டியது: "இன்னைக்கு உதிர்ந்ததை எடுப்பா, நாளைக்கு உதிராததைப் பிடுங்குவா, மகாராசா!" ராசாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

சாயங்காலம் உடைமரத்தில் கீச்சான் வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"கடைசி ஆசை ஏதும் உண்டா, தாயி?"

"குஞ்சுக இன்னும் கண்ணு முழிக்கலண்ணே. என் சத்தம் கேட்டாத்தான் வாயைத் தெறக்கும். யாருக்காச்சும் என் குரலைக் கத்துக் குடுத்துட்டுச் சாகணும்."

"யாருக்கு?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஈ காக்கை இல்லை. "இங்க உங்களை விட்டா யாருண்ணே இருக்கா?"

கொல்லச் சொல்லித்தான் அவனிடம் எல்லோரும் வந்திருக்கிறார்கள். வேறு எதையும் எவரும் அவனிடம் கேட்டதில்லை. கீச்சான் வெட்கத்தோடு தொண்டையைக் கனைத்து ஒரு தடவை கூவினான். எண்ணெய் காணாத கிணற்றுக் கமலை உருளைகூட அதைவிட நன்றாகப் பாடும்.

சாகப் போகிறவள் அதை மறந்து சிரித்துவிட்டாள். "அப்படி இல்லண்ணே! நுனியில கொஞ்சம் இழுக்கணும். இந்தா, இப்படி."

அவள் பாட, அவன் பாட, பொழுது மலையில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் குரல் அப்படியே அவன் வாயிலிருந்து வந்தது. "போதும்ண்ணே. இனி உங்க வேலையைப் பாருங்க" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கீச்சான் அலகை ஓங்கினான். தொண்டையில் இன்னும் அவள் குரல் ஈரமாக இருந்தது. ஓங்கிய அலகு இறங்கவில்லை.

"போ, தாயி. மலைக்கு அந்தப் பக்கம் போயிரு. இங்கன எங்கயும் வாயைத் தெறந்துறாத."

"குஞ்சுக?"

"இறக்கை முளைச்சதும் அனுப்பி வைக்கேன்."

"ஐயோ, உங்க தலை போயிருமேண்ணே!"

"எந்தலையை எடுக்கணும்னா அதுக்கும் என்னையத்தான கூப்பிடணும்! போ."

அவள் போனதும் கொழுத்த வெட்டுக்கிளி ஒன்றைப் பிடித்து முள்ளில் ஏற்றி, அவள் உதிர்த்த சிறு இறகையும் செருகி வைத்தான். காக்கை தூரத்துப் பனையிலிருந்து எட்டிப் பார்த்தது. கிட்டே போனால் தீட்டாயிற்றே! "தொங்குது, தொங்குது" என்று ராசாவிடம் போய்ச் சொல்லிவிட்டது.

மையைக் கழுவக் கீச்சான் ஊருணிக்குப் போனான். தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தான். ஏற்ற வேண்டியவளை ஏற்றவில்லை. முடியாத வேலைக்கு மை கழுவலாமா? ராசாவிடம் பொய் சொல்லலாம், அப்பன் சொல்லிக் கொடுத்த முறையிடம் எப்படிச் சொல்வது? கழுவாமலே திரும்பினான். "வெறி இன்னும் அடங்கல பாரு" என்று கரையில் பேசிக்கொண்டார்கள்.

விடிந்ததும் முள்ளில் இருந்த வெட்டுக்கிளியைக் கிழித்து எடுத்துக்கொண்டு, இலையைத் தைத்துக் கட்டிய அந்தக் கூட்டுக்குப் போனான். அவள் குரலில் கூப்பிட்டான். மூன்று சிவந்த வாய்கள் திறந்தன. காக்கை பார்க்க முள்ளில் ஏதாவது தொங்க வேண்டுமே, அதனால் இன்னொரு பூச்சியைப் பிடித்து ஏற்றினான். இப்படியே கழுமரம் குஞ்சுகளுக்குச் சோற்றுப் பானை ஆனது.

பிறகு இறகு முளைத்தது. ஒரு காலையில் குஞ்சுகள் கண்ணைத் திறந்து, குரல் வந்த திசையில் ஆசையாகப் பார்த்தன. வளைந்த அலகு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. அக்கம்பக்கத்துப் பேச்சு காதில் விழாமலா இருந்திருக்கும்?

"ஐயோ, அம்மாவைக் கொன்ன கொலைகாரன்!"

உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் குஞ்சு வாய் சும்மா இருக்காது, காக்கைக் காதும் சும்மா இருக்காது. வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு ஒரு புதருக்குப் பின்னால் மறைந்தான். அங்கிருந்து அவள் குரலில் கூப்பிட்டான். குஞ்சுகள் தத்தித் தத்திப் பறந்து வந்தன. புதர் புதராக முன்னால் போய் மறைந்து நின்று கூப்பிட்டுக்கொண்டே மலையடிவாரம் வரைக்கும் கூட்டிப் போனான். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே குரல் பதில் சொன்னது. கீச்சான் வாயை மூடிக்கொண்டான். குஞ்சுகள் திரும்பிப் பார்க்காமல் பறந்தன.

அதற்கப்புறமும் ராசா பலரை அனுப்பினார். வந்தவர் எல்லாரும் ஆளுக்கொரு குரலை அவனிடம் விட்டுவிட்டு மலை தாண்டினார்கள். முள்ளில் வெட்டுக்கிளிதான் தொங்கியது.

அன்று பூசிய மைதான் இன்றும் கீச்சான் கண்ணில் பட்டையாக நிற்கிறது. அன்று முதல்தான் அவன் பூச்சியைப் பிடித்து முள்ளில் தொங்கவிடுகிறான்; தனியாக உட்கார்ந்து ஊர்க்குருவிகளின் குரலிலெல்லாம் பாடுகிறான். இன்றும் அவனைக் கண்டால் குருவிகள் "கொலைகாரன், கொலைகாரன்" என்று கத்திக்கொண்டு பறக்கின்றன. அவன் இதுவரை இல்லையென்று சொன்னதில்லை.