ஒரு சுற்று தளர்த்தினால் போதும்

முன்னொரு காலத்தில் என்று தொடங்க ஆசைதான். ஆனால் இது மலைக்குத் தார் ரோடு வந்து, மாடுகள் போய், டிராக்டர் வந்த பிறகு நடந்த கதை. அந்த மலை ஊரில் வையாபுரி என்று ஒருவர் இருந்தார். அவரும் அவர் மனைவி பாவாயியும் மேட்டுக் காட்டில் மரவள்ளி போட்டிருந்தார்கள். கிழங்கைப் பிடுங்கி, மலைக்குக் கீழே ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்கு டிராக்டரில் கொண்டுபோய் இறக்குவார்கள்.

அந்த டிராக்டருக்குச் செவலை என்று பெயர். சிவப்பாக இருந்ததால், விற்றுவிட்ட மாட்டின் பெயரையே வையாபுரி அதற்கும் வைத்துவிட்டார். அதன் பின்னால் ஒரு டிரெய்லர். டிரெய்லரின் சக்கரங்களுக்குள் ஒரு பிரேக் குடியிருந்தது. டிரெய்லரிலிருந்து வருகிற கேபிளின் கொக்கியைச் செவலையின் முதுகில் மாட்டிவிட்டால், வையாபுரி மிதிக்கிற மிதி பின்னால் வரை போகும். முன்னால் ஓடுகிறவனும் பின்னால் வருகிறவனும் சேர்ந்து நிற்பார்கள்.

செவலைக்கு மூக்கின் மேல் கோபம். எல்லாவற்றையும் இழுக்கிறவன் தான் ஒருவன்தான் என்ற நினைப்பு வேறு.

ஒருநாள் வெறும் டிரெய்லரோடு மேடு ஏறும்போது அதற்கு மூச்சு வாங்கியது.

"யாரது பின்னால் பிடித்து இழுக்கிறது?" என்று உறுமியது.

"நான் இல்லை அண்ணே" என்றது டிரெய்லர். அது சூது வாது தெரியாதது. ஏற்றியதைச் சுமக்கும், இழுத்த பக்கம் வரும். "நான் காலியாகத்தான் வருகிறேன்."

"நான்தான் அண்ணே" என்றது பிரேக். "வேண்டுமென்று செய்யவில்லை. பட்டறையில் கேபிளை இறுக்கி வைத்துவிட்டார்கள். கேபிள் நுனியில் இருக்கிற நட்டை ஒரு சுற்று தளர்த்தினால் போதும். மிதிக்கும்போது மட்டும் பிடிப்பேன். மற்ற நேரத்தில் நான் இருப்பதே தெரியாது."

"மேடு ஏறுகிறவன் காலைப் பிடித்துக்கொண்டு விளக்கம் வேறு சொல்கிறாயா?"

செவலை இன்னும் கொஞ்சம் புகையைக் கக்கியது. வையாபுரி இறங்கி வந்து பார்த்தார். டிரெய்லர் சக்கரத்தைத் தொட்டவர் விரலைச் சுட்டுக்கொண்டார். ஸ்பேனர் இருக்கைக்கு அடியில்தான் இருந்தது. அதை எடுக்கக் குனிகிற பொறுமை அவருக்கு அன்று இல்லை.

"சனியன், டீசலைக் குடிக்கறதே இதுதான்" என்றபடி கொக்கியைக் கழற்றி, சாக்குக் கயிற்றால் டிரெய்லரின் முன்கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அப்புறம் வண்டி சிட்டாகப் பறந்தது.

ஒரு சுற்று தளர்த்த வேண்டியவனை வீட்டுக்கே அனுப்பியாயிற்று. நாம் மட்டும் என்ன யோக்கியம்? வீட்டில் ஒரு சொல் கொஞ்சம் காரமாக விழுந்தால் பேச்சையே நிறுத்திவிடுகிறோம்.

அதற்குப் பிறகு பாரத்தோடு இறக்கத்தில் இறங்கும்போதெல்லாம் செவலையின் முதுகில் இடி விழுந்தது.

"இடிக்காமல் வர மாட்டாயா?"

"நான் இடிக்கவில்லை அண்ணே. என் மேல் இருக்கிற கிழங்கு இடிக்கிறது" என்றது டிரெய்லர்.

கட்டிக் கிடந்த பிரேக் மெல்லச் சொன்னது: "பின்னால் இருக்கிற பாரத்தைப் பின்னாலிருந்துதான் பிடிக்க வேண்டும் அண்ணே. நீ ஒருவனே முன்னால் நின்று பிடித்தால், என்றைக்காவது அது உன் மேலேயே ஏறிவிடும்."

"நீ இல்லாமல் எத்தனை நடை போய் வந்துவிட்டேன். என்ன ஆகிவிட்டது?" என்றது செவலை.

ஒன்றும் ஆகாத நாட்களைக் காட்டிப் பேசுகிறவனிடம் யாரால் வாதாட முடியும்?

ஆயுத பூஜை வந்தது. வையாபுரி செவலையைக் கழுவி மாலை போட்டார். பாவாயி சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்து எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டு வைத்தாள். கட்டிக் கிடந்த கொக்கிக்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

"ஏனுங்க, இது எதுக்குங்க கட்டிக் கெடக்குது?"

"அது வேண்டாம் பாவாயி. பின்னால புடிச்சு இழுக்குது."

"வேண்டாததுக்கு எதுக்குங்க பொட்டு?"

"வண்டியில இருக்குதில்ல, வெச்சுட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனாள். பிரேக்குக்கு அன்று தலைகால் புரியவில்லை. பொட்டு வைத்தவர்கள் மாட்டாமலா விடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தது. மறுநாள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு செவலை கிளம்பியபோதும் அது கட்டிய இடத்திலேயே கிடந்தது. அடுத்து வந்த மழையில் சந்தனம் கரைந்துபோனது. குங்குமக் கறை மட்டும் கொக்கியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கேபிள் உறைக்குள் தண்ணீர் இறங்கியது. உறையின் வாயில் ஒரு குளவி மண் கொண்டுவந்து கூடு கட்டியது.

அறுவடை முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம். மிச்சமிருந்த கிழங்கையெல்லாம் ஒரே நடையாகக் குவித்து ஏற்றியிருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாவாயி செவலையின் மட்கார்டில் உட்கார்ந்திருந்தாள். இறக்கம் தொடங்குகிற இடத்தில் அவள் சொன்னாள்:

"ஏனுங்க, ரோடு நனைஞ்சு கெடக்குது. பாரமும் சாஸ்தி. அந்தக் கேபிள மாட்டிக்கிட்டுப் போலாமுங்க."

என்ன தோன்றியதோ, வையாபுரி மறுக்கவில்லை. இறங்கிக் கயிற்றை அவிழ்த்தார். குளவிக் கூட்டைத் திருப்புளியால் சுரண்டித் தள்ளினார். கொக்கியை மாட்டினார்.

"மாட்டியாச்சு. இப்பத் திருப்திதானே?"

பிரேக் பதறியது. "அண்ணே, உடனே கிளம்பாதே. மாட்டினால் மட்டும் போதாது. சமதரையில் மெதுவாக ஓட்டி ஒருமுறை மிதித்துப் பார்க்க வேண்டும்."

"இத்தனை நாள் மாட்டு மாட்டு என்றாய். மாட்டியதும் கிளம்பாதே என்கிறாய். உனக்கு என்னதான் வேண்டும்?"

"உள்ளே துருப்பிடித்திருக்கிறது. எந்தப் பக்கம் பிடிப்பேன், எந்தப் பக்கம் விடுவேன் என்று எனக்கே தெரியவில்லை. கட்டிப் போட்டவனுக்குக் கை கால் மரத்துப் போகாதா?"

செவலை கேட்கவில்லை. வையாபுரிக்கோ இந்தப் பேச்சு கேட்கவே கேட்காது. பிரேக் மாட்டியாயிற்று என்ற தைரியத்தில், வழக்கமாக இறங்குவதை விட ஒரு கியர் கூட்டியே இறங்கினார்.

பெரிய வளைவு வந்தது. வையாபுரி மிதித்தார்.

"பிடிடா" என்றது செவலை. அது பிரேக்கிடம் உதவி கேட்டது வாழ்நாளிலேயே அப்போதுதான்.

"பிடிக்கிறேன் அண்ணே. ஒரு கைதான் வருகிறது."

இடது சக்கரம் பிடித்துக்கொண்டது. வலது சக்கரம் உருண்டுகொண்டே இருந்தது. டிரெய்லர் குறுக்கே திரும்பி, செவலையின் இடுப்பில் மோதி, மலைச்சரிவில் சாய்ந்து கவிழ்ந்தது. வையாபுரி ஸ்டியரிங்கைப் பிடித்துத் தப்பித்துக்கொண்டார். பாவாயி தூக்கி எறியப்பட்டாள். கிழங்குகளை விலக்கி அவளைப் பார்த்தபோது உயிர் இருந்தது. வலது முழங்கால் டிரெய்லரின் விளிம்புக்கு அடியில் இருந்தது.

ஊர் டீக்கடையில் தீர்ப்பு எழுத அதிக நேரம் ஆகவில்லை.

"கேபிள மாட்டுனதாலதான் கவுந்துச்சு" என்றார் ஒருவர்.

"ஆமாங்க, இத்தன நாளும் மாட்டாமத்தான ஓட்டுனாரு. ஒண்ணும் ஆவுலயே" என்றார் இன்னொருவர்.

கடைக்கு எதிரே நின்ற செவலைக்கு எல்லாம் கேட்டது. அப்படி இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. யார் செய்த பிழையை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று அதற்கு மட்டும்தான் தெரியும். ஆனால் டிராக்டர் சொல்லி மனிதர்கள் கேட்டார்கள் என்று எந்த ஊரிலும் இல்லை.

பழைய டிரெய்லர் களத்தின் ஓரத்துக்குப் போனது. கோழிகள் அதில் முட்டையிட்டன. செவலையின் பின்னால் வேறொரு டிரெய்லர் வந்தது. ஊர் சொன்னதைக் கேட்டு, அதன் கேபிளையும் வையாபுரி வந்த அன்றே சாக்குக் கயிற்றால் கட்டிவிட்டார்.

"அண்ணே, என்னை எப்போது மாட்டுவார்கள்?" என்று உள்ளேயிருந்து ஒரு புதுக்குரல் கேட்டது.

மறுபடியும் ஆயுத பூஜை வந்தது. பாவாயி ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் சந்தனக் கிண்ணமுமாக வந்தாள். கட்டிக் கிடந்த கொக்கிக்கு முன்னால் வந்ததும் நின்றாள். பொட்டு வைக்கவில்லை.

"என்ன பாவாயி, அதையும் வெச்சுடு" என்றார் வையாபுரி.

"வெக்க மாட்டனுங்க. போன வருசம் கட்டிக் கெடந்ததுக்குப் பொட்டு வெச்சேன். அது சாமி இல்லீங்க, பிரேக்கு. வேல செய்யட்டும், அப்பறம் வெக்கறேன்."

"ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, அத மாட்டுனதாலதான்னு..."

"ஊர்ல இருக்கறவங்க காலு நல்லாத்தானுங்க இருக்குது."

வையாபுரி அவள் முழங்காலைப் பார்த்தார். இருக்கைக்கு அடியில் கைவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

டிரெய்லரில் கிழங்கு மூட்டைகளை ஏற்றினார். கேபிளை மாட்டிக் களத்துச் சமதரையில் மெதுவாக ஓட்டி மிதித்தார். இறங்கிப் போய் மண்ணில் விழுந்த தடத்தைப் பார்த்தார். இரண்டு சக்கரமும் ஒன்றுபோல் தேய்த்திருந்தன. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் சூடு. நட்டை ஒரு சுற்று தளர்த்தினார். மறுபடி ஓட்டி, மிதித்து, தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை என்று தெரிந்ததும் அவர் சக்கரத்தருகே அப்படியே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பாவாயி ஊன்றுகோலைச் செவலையின் மேல் சாய்த்துவிட்டு, கொக்கிக்குப் பொட்டு வைத்தாள்.

இப்போதெல்லாம் இறக்கத்தில் பின்னாலிருந்து ஒரு இழுப்பு வருகிறது. செவலை உறுமுவதில்லை. "இருக்கிறாயா?" என்று கேட்கிறது. "இருக்கிறேன் அண்ணே" என்கிறது புதுக்குரல்.

காலையில் கிளம்பும்போது மட்டும், களத்தோரத்தில் கோழிகளுக்கு நடுவே கிடக்கிற பழைய டிரெய்லரைச் செவலை பார்க்கும். குங்குமக் கறை படிந்த அந்தக் கொக்கி அங்கேதான் தொங்குகிறது. அது பேசுவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று.

"ஒரு சுற்றுத்தானே கேட்டாய்" என்று செவலை தினமும் அதனிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறது.