மயில் குடித்த மிச்சம்

சென்னியப்பனின் மாட்டுப் பண்ணையில் கன்றுக்குட்டிகள் கழிந்து கழிந்தே செத்துக்கொண்டிருந்தன. ஏதோ கிருமி என்று சொல்லிவிட்டுப் போனார் கால்நடை மருத்துவர். முதலாளியின் ஆத்திரமெல்லாம் சாணி அள்ளும் நாச்சம்மாள் மேல் திரும்பியது.

"உன்ற கைதான் சுத்தமில்லை. இல்லையின்னா, அந்தக் கிருமி எங்க இருக்குதுன்னு பொழுது சாயறதுக்குள்ள என்ற கண்ணுல காட்டு. முடியலைன்னா மூட்டையைக் கட்டு!"

கண்ணுக்கே தெரியாததை எப்படிக் காட்டுவது? நாச்சம்மாள் கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தாள். மிச்சமிருந்த ஒரே கன்றும் தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

வெயில் தாழ்ந்ததும் காட்டு மயில்கள் வந்து தண்ணீர்த் தொட்டி மேல் ஏறின. முருகன் வாகனம், யாரும் விரட்டக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அவற்றைக் கண்டதும் அவர் வழக்கம்போல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாச்சம்மாள் அந்தத் தொட்டியிலேயே ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள்.

"சாமி வாகனம் குடிச்ச மிச்சமுங்க. ஒரு வாய் குடிச்சுப்போட்டு என்னையத் துரத்துங்க."

பக்தியோடு வாங்கியவர், வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"சீ! எச்சம் மிதக்குது! இதைக் குடிச்சா வயிறு என்னத்துக்கு ஆகறது?"

"கன்னுக்குட்டிக தினமும் அதைத்தானுங்க குடிக்குது."

முதலாளி மயிலைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார். தொட்டியைக் கவிழ்க்கத் தானே வேட்டியை மடித்துக் கட்டினார். அப்புறம், தணிந்த குரலில் கேட்டார்:

"இது ஒண்ணாவது பொழைச்சுக்குமா, அம்மிணி?"